முதல் தட்டு யாருக்கு

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது. மற்றதை எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் வேன் டிரைவரிடம் ஒரு கூடை இருக்கும். அதற்குள் என் நாய் இருக்கும். பெயர் பொட்டலம். மருந்துக் கடைக்காரி வளர்க்கிற நாய்க்கு வேறு என்ன பெயர் இருக்கும்? எடை நான்கு கிலோ. எங்கள் வீட்டில் தரையை உடைத்துப் போட்டிருக்கிறார்கள். வேலை முடியும்வரை கடைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் இருக்கிறேன். அங்கே நாய்க்கு இடமில்லை. அப்பா வீட்டில் பாதி எனக்கும் உண்டு என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். அந்தப் பாதியில் ஒரு மூலையை என் நாய்க்குக் கொடு.

உன்னுடைய இரண்டு யானைகளும் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அதனால் கவனமாகப் படி. முதல் வாரம் ஒன்றை ஒன்று பார்க்கவே கூடாது. பொட்டலத்தின் துணியை அவற்றுக்கும், அவை படுக்கிற சாக்கைப் பொட்டலத்துக்கும் மோந்து பார்க்கக் கொடு. பிறகு வீட்டுக்கு வெளியே, தெருவில், பக்கத்தில் பக்கத்தில் நடத்திக் கூட்டிப்போ. அதற்கப்புறம்தான் வீட்டுக்குள், அதுவும் நடுவில் தடுப்பு வைத்து. சாப்பாட்டைத் தனித்தனியாகக் கொடு. ஒரே இடத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பெரியவற்றுக்கு முதலில் வை.

தெருமுனைக் கடை போனில் இதையெல்லாம் சொல்ல முடியாது. நாம் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடம் சண்டை வரும், தெருவே நின்று கேட்கும். அதனால் கடிதம்.

இப்படிக்கு,
உன் தங்கை

-----

ஜனவரி 16

அன்புள்ள மிளகாய்க்கு,

முழங்கால் இருக்கிறது. வலியும் அதைவிட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

டிரைவர் கூடையை நீட்டி, "உள்ள நாய்னு சொல்லித்தான் ஏத்துனாங்க. வழி பூரா ஒரு சத்தமும் இல்லை, எனக்கே சந்தேகமாப் போச்சுங்க" என்றார். திறந்தால் ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் உன் பொட்டலம். வெட்டுத் துணி மூட்டையில் ஏறிப் படுத்தவன் மறுநாள் காலைவரை இறங்கவில்லை.

என் நாய்களை யானை என்று எழுதியிருக்கிறாய். அவர்களுக்குப் பெயர் உண்டு. நாள் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்கிறவன் ஜட்ஜ். நாள் முழுக்கக் குரைத்தும் ஒன்றையும் நிரூபிக்காதவன் வக்கீல். ஏழு வருடமாக இவர்களை வளர்க்கிறேன். நாய் வளர்ப்பதை நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

மூன்றாம் நாளே தையல் அறைக் கதவைத் திறந்துவிட்டேன். ஜட்ஜ் வந்தான், மோந்தான், முன்னங்காலைத் தூக்கிப் பொட்டலத்தின் முதுகில் வைத்தான். உன் வீரன் தையல் மிஷினுக்கு அடியில் புகுந்தவன் சாயங்காலம்வரை வரவில்லை. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. நாலு நாள் போனால் அனுசரித்துப் போகப் பழகிக்கொள்ளும்.

உன் வீட்டுக்காரர் சௌக்கியமா? தரை வேலை எந்த மட்டில் இருக்கிறது?

உன் அக்கா

-----

ஜனவரி 21

அக்காவுக்கு,

நலம்தான். உன் முழங்காலுக்கு ஒரு தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன். கோபமாக இருக்கிறேன் என்பதற்காக அதை நிறுத்தவில்லை.

ஒரு வாரம் என்று எழுதினேன். நீ மூன்று நாளில் திறந்துவிட்டாய். அதைக்கூட விடு. கடைசியில் ஒரு வார்த்தை எழுதியிருந்தாயே, அனுசரித்துப் போகப் பழகிக்கொள்ளும் என்று. அதைப் படித்துவிட்டுக் கடையில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்துக்குப் பதில் பேதி மருந்தை எடுத்து நீட்டிவிட்டேன். நல்லவேளை, அவரே படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பெட்டியோடு அந்த வாசலில் வந்து நின்றேன். ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. என் கன்னத்தைப் பார்த்தாய், பெட்டியைப் பார்த்தாய், தெருவைப் பார்த்தாய். மூன்றாம் நாள் காலையில் நீயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வந்தாய். "அனுசரிச்சுப் போடி. எல்லா வீட்லயும் இருக்கறதுதான்" என்றாய். பஸ் கிளம்புகிறவரை நின்று கையாட்டினாய். உனக்கு மறந்திருக்கும். எனக்கு அந்தப் பஸ்ஸின் சீட்டில் இருந்த கிழிசல்கூட நினைவிருக்கிறது.

எனக்குச் சொன்னதை என் நாய்க்கும் சொல்லாதே. மிஷினுக்கு அடியில் ஒளிந்துகொண்ட ஒன்றைப் பழகிவிட்டது என்று எழுதாதே. நான் எழுதிக் கொடுத்ததை முதல் வரியிலிருந்து செய். முடியாது என்றால் சொல், வேறு இடம் பார்க்கிறேன்.

தங்கை

-----

பிப்ரவரி 3

மிளகாய்க்கு,

தைலம் வந்தது. தேய்க்கிறேன். நாற்றம் தாங்காமல் வக்கீல் அறையைவிட்டு வெளிநடப்புச் செய்கிறான்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அப்பா அப்போது படுக்கையில் இருந்தார் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன். என் மேல் கத்துவதற்கு உனக்கு உரிமை இருக்கிறது. என் நாய்கள் மேல் கத்தாதே.

உன் காகிதத்தை மிஷினுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டிவிட்டேன். முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். துணி மோப்பம் ஆயிற்று. பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் பொட்டலத்தின் கயிற்றைக் கொடுத்து, இவர்கள் இருவரையும் நான் பிடித்துக்கொண்டு, ஐந்து நாளாகத் தெருவில் நடக்கிறோம். முதல் நாள் தெருவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நடந்தவர்கள் இப்போது ஒரு முழம் இடைவெளியில் நடக்கிறார்கள். வீட்டுக்குள் கம்பி வலைக் கதவை நடுவில் வைத்திருக்கிறேன். நேற்று ஜட்ஜ் வலைக்கு இந்தப் பக்கமும் பொட்டலம் அந்தப் பக்கமும் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கினார்கள். ஆசிரியையைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூவருக்கும் ஒரே அறையில் சாப்பாடு. பெரியவற்றுக்கு முதலில் வை என்று எழுதியிருக்கிறாய். அது நம் வீட்டு வழக்கம் இல்லை. புதிதாக யார் படியேறி வந்தாலும் அவருக்குத்தான் முதல் தட்டு என்று அப்பா வைத்திருந்தார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவருக்கே வைத்து உட்காரச் சொன்னவர். வந்தவன் பொட்டலம். அவனுக்குத்தான் முதல் தட்டு.

வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

அக்கா

-----

பிப்ரவரி 8

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல், எல்லாம் சரி. வேண்டாம்! அதைச் சொல்லத்தான் அவசரத் தபாலில் இதைப் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும்.

அப்பாவின் வழக்கம் மனிதர்களுக்கு. மீட்டர் பார்க்க வந்தவருக்குத் தட்டு வைத்ததைப் பார்த்தா உன் ஜட்ஜ் பழகினான்? ஏழு வருடமாக முதல் தட்டு அவனுடையது. அதைப் பிடுங்கி நேற்று வந்த ஒன்றுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? பாடம் எடுக்காதே என்றாயே, இதுதான் நீ படித்த பாடமா?

இன்னொன்று. அப்பாவின் வழக்கத்தைப் பற்றி நீ எனக்கு எழுதாதே. அந்த மூன்று நாள் எனக்கு எந்தத் தட்டு வைத்தாய்? நீ சாப்பிட்டு முடித்து, அப்பாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, பாத்திரத்தைக் கழுவப் போடுகிற நேரத்தில் "வேணும்னா போட்டுக்கோ" என்றாய். அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு சாப்பிட்டேன். அப்போது அந்த வழக்கம் எங்கே போயிருந்தது?

பெரியவற்றுக்கு முதலில் வை. இதை மட்டும் செய்.

தங்கை

-----

மார்ச் 21

தங்கைக்கு,

நலம். நாய் நலம். தையல் அறையில் இருக்கிறது. வேலை தலைக்கு மேல். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

-----

மார்ச் 26

அக்காவுக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பிடிக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

ஆறு வாரம். நடுவில் நான் இரண்டு கார்டு போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் வந்ததை வாங்கிப் பிரித்தால் இரண்டு வரி. அதையும் என்ன லட்சணத்தில் எழுதியிருக்கிறாய்? முத்து முத்தாக எழுதுகிறவள் நீ. பள்ளிக்கூடத்தில் உன் நோட்டைக் காட்டித்தான் என்னைத் திட்டுவார்கள். நான் பன்னிரண்டு வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் பிழைப்பவள். என்னாலேயே உன் கடிதத்தை இரண்டு தடவை திருப்பிப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது. ஓரத்தில் டீக் கறை வேறு. தங்கைக்கு எழுதுகிற கடிதத்தை டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுதினாயா?

கேட்டதற்கெல்லாம் பதில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது? பெரியவற்றுக்கு முதலில் வைத்தாயா? பொட்டலம் ஏன் இன்னும் தையல் அறையிலேயே இருக்கிறது? பிப்ரவரியில் முதுகோடு முதுகு ஒட்டித் தூங்கியவர்கள் மார்ச்சில் ஏன் தனித்தனி?

மழுப்பாமல் எழுது.

தங்கை

-----

ஏப்ரல் 4

தங்கைக்கு,

முழங்கால் பரவாயில்லை. உன் கடிதம் கிடைத்தது. பொட்டலம் நன்றாகச் சாப்பிடுகிறது. கவலை வேண்டாம்.

ஜட்ஜை வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். ஒரு பழத்தோட்டக்காரர் காவலுக்குக் கேட்டார். இந்த மாதக் கடைசியில் வந்து கூட்டிப்போவார்.

தரை வேலை முடிந்ததா?

அக்கா

-----

ஏப்ரல் 8

அக்கா,

இன்றைக்கு நலம் விசாரிப்பு கிடையாது.

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். மறுபடியும் அதே கிறுக்கல், அதே இடத்தில் அதே பழுப்புக் கறை. டீ என்று நினைத்த நான் முட்டாள். மோந்து பார்த்தேன். எனக்கு முன்னால் அலமாரியில் நாற்பது பாட்டில் வரிசையாக நிற்கிறது. காயத்துக்குப் போடுகிற ஐயோடின் அக்கா அது! தூக்கத்தில் மோந்தாலும் எனக்குத் தெரியும்.

யாருடைய காயம்? உயிராக வளர்த்த ஜட்ஜை நீ ஏன் அனுப்புகிறாய்? அவன் கடித்திருக்கிறான். என் பொட்டலத்தைக் கடித்திருக்கிறான். இரண்டு மாதமாக நீ மருந்து போட்டுக்கொண்டே "நாய் நலம்" என்று எனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாய். தெருமுனைக் கடைக்கு நான்கு முறை போன் போட்டேன். "கூப்பிட்டுப் பார்த்தேங்க, வரமாட்டேன்னுட்டாங்க" என்கிறார் கடைக்காரர். ஏன் வரமாட்டாய்? நாய் உயிரோடு இருக்கிறதா இல்லையா? அதைக்கூடச் சொல்லத் துணிச்சல் இல்லையா உனக்கு?

தரை வேலை முடிந்ததா என்று கேட்கிறாய். தரையும் இல்லை, வேலையும் இல்லை. டிசம்பர் கடைசியில் அந்த வீட்டைவிட்டு வந்துவிட்டேன். இந்தத் தடவை கன்னம் மட்டும் இல்லை. விவரம் எழுத மாட்டேன். நான் வெளியே வரும்போது என் பின்னால் வந்தது அந்த நாய் ஒன்றுதான். அது என்னை ஏன் என்று கேட்கவில்லை, தெருவைப் பார்க்கவில்லை, அனுசரித்துப் போ என்று சொல்லவில்லை. அதை உன்னிடம் அனுப்பியது ஏன் தெரியுமா? அது அந்த வீட்டில் தாக்குப் பிடித்தால் நானும் வரலாம் என்று பார்த்தேன். எனக்கு இடம் கேட்க வாய் வரவில்லை. அதனால் நான்கு கிலோவை முன்னால் அனுப்பினேன்.

தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் சின்னவர்களுக்கு இடமில்லை. என் நாயைத் திருப்பி அனுப்பு. எந்த நிலையில் இருந்தாலும் அனுப்பு.

-----

ஏப்ரல் 15

என் மிளகாய்க்கு,

முதலில் இதைப் படி. பொட்டலத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. அவன் இந்த நிமிடம் என் காலடியில் என் செருப்பை மென்றுகொண்டிருக்கிறான். அரை கிலோ ஏறியிருக்கிறான்.

காயம் எனக்கு. வலது கை. இந்தக் கடிதத்தை இடது கையால் மூன்று நாளாக எழுதுகிறேன். முந்தைய இரண்டையும் அப்படித்தான் எழுதினேன். வலது கையைத் தாளின் மேல் வைத்து அழுத்திக்கொண்டால்தான் தாள் நகராமல் இருக்கிறது. கறை அதனால்தான்.

உன் அவசரத் தபால் எல்லாம் நடந்து முடிந்த பிறகு, செவ்வாய்க்கிழமைதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று தட்டையும் எடுத்து, உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார்கள். முதல் தட்டைப் பொட்டலத்தின் முன்னால் வைத்தேன். அவன் ஒரு வாய் எடுப்பதற்குள் ஜட்ஜ் எழுந்துவிட்டான். பொட்டலத்தின் கழுத்துக்கு வந்த வாயில் நான் கையை விட்டேன். என் கை என்று தெரிந்த உடனே விட்டுவிட்டான், அதற்குள் பல் இறங்கிவிட்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில். நரம்பு அறுந்து தைத்திருக்கிறார்கள். விரல் மடங்கலாம், மடங்காமலும் போகலாம் என்கிறார் டாக்டர். கத்தரி பிடிக்க முடியவில்லை. பள்ளிச் சீருடை வேலையை வேறு தையல்காரர் வாங்கிப் போய்விட்டார்.

ஜட்ஜ் அன்றிலிருந்து வாசல் மிதியடியில் கிடக்கிறான். நான் அந்தப் பக்கம் போனால் எழுந்து நகர்ந்துவிடுகிறான். என்னால் பார்க்க முடியவில்லை. அவனை அனுப்புவது அதனால்தான்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நாயைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வாய். நாய் போனால் நீயும் வரமாட்டாய். போனுக்கும் அதனால்தான் வரவில்லை. என் குரலைக் கேட்டால் உனக்குத் தெரிந்துவிடும். நாலு மாதம் தரை உடைக்கிற வீடு எங்கே இருக்கிறது? உறையின் பின்னால் பெண்கள் விடுதி, அறை எண் பதினான்கு என்று பார்த்த அன்றே எனக்குத் தெரியும். கேட்க வாய் வரவில்லை. போன தடவை கேட்காதவள் இந்தத் தடவை எந்த முகத்தோடு கேட்பேன்?

அப்பா படுக்கையில் இருந்தார் என்று எழுதினேனே, அது பொய். படுக்கையில் இருந்தது நிஜம். காரணம் பொய். "சின்னவ குரல் கேக்குதே, சாப்பிட்டாளா?" என்று அவர் கேட்டார். சாப்பிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் தெருவுக்குப் பயந்தேன், மிளகாய். வாழாமல் வந்துவிட்டாள் என்று என் காதுபடப் பேசுவார்களே என்று பயந்து உன்னைப் பஸ் ஏற்றினேன். நாலு வருடமாக அந்தப் பஸ் என் கண்ணிலேயே நிற்கிறது.

பெரியவற்றுக்கு முதலில் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் உன் நாய்க்கு வைத்தேன். உனக்கு வைக்காத தட்டு அது.

நாயை அனுப்பச் சொல்கிறாய். நீ வந்து கூட்டிக்கொண்டு போ. அப்படியாவது ஒரு தடவை படியேறு.

உன் அக்கா

-----

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை. கடை அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், முதலாளி கண்ணில் மருந்து பட்டுவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது நான் கத்தப் போகிறேன், நீ படிக்கப் போகிறாய். உன் கை என்ன மரக்கட்டையா? இரண்டு நாய்களுக்கு நடுவில் யாராவது கையை விடுவார்களா? ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றியிருக்க வேண்டும். ஊசி எத்தனை போட்டாய்? எல்லாச் சீட்டையும் எடுத்து வை, நான் பார்க்க வேண்டும். இரண்டு மாதமாக அந்தக் கையோடு தனியாக இருந்திருக்கிறாய். நான் இங்கே உட்கார்ந்து உன் எழுத்தைக் கிறுக்கல் என்று திட்டியிருக்கிறேன். என்னைத் திட்ட வைத்தாயே, அதற்கே உன் மேல் தீராத கோபம் இருக்கிறது.

நான்கு வருடத்துக் கோபமும் தீரவில்லை. தட்டை நாய்க்கு வைத்துவிட்டால் எனக்கு வைத்தது ஆகிவிடாது. அதை நேரில் பேசிக்கொள்வோம், ஒரு நாளில் முடியாது, நிறைய இருக்கிறது. அதற்குத்தான் பெட்டியோடு வருகிறேன். இங்கே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், அறை பதினான்கைக் காலி செய்துவிட்டேன். சனிக்கிழமை காலை வண்டி. பஸ் நிறுத்தத்துக்கு நீ வரக் கூடாது. அந்தப் பெட்டியை இந்தத் தடவை நானே தூக்கிக்கொண்டு வருவேன், தெரு பார்க்கட்டும்.

பழத்தோட்டக்காரர் வந்தால் கதவைத் திறக்காதே. ஜட்ஜ் எங்கேயும் போக மாட்டான். அவனுடைய தட்டைப் பிடுங்கியது நீ. அதற்கு அவனை வெளியே அனுப்புவாயா? அந்த வீட்டிலிருந்து ஒருத்தியை அனுப்பியது போதும். இனி யாரையும் அனுப்பக் கூடாது. அனுப்பினால் நான் படியேற மாட்டேன், எழுதி வைத்துக்கொள்.

சாப்பாட்டுப் பொறுப்பு இனி என்னுடையது. முதல் தட்டு ஜட்ஜுக்கு. இரண்டாவது வக்கீலுக்கு. மூன்றாவது, கம்பி வலைக்கு அந்தப் பக்கம், பொட்டலத்துக்கு. மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பிப்போம், அவசரம் ஒன்றும் இல்லை. அவர்கள் மூவரும் சாப்பிட்டு முடித்ததும் நமக்கு ஒரே தட்டு.

இரண்டு மாதமாக எந்தக் கையால் சாப்பிட்டாய் என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சனிக்கிழமையிலிருந்து நான்தான் உனக்கு ஊட்டுவேன். சமாதானம் சொல்வதற்கு வாயைத் திறக்காதே. சாப்பிட மட்டும் திற.

உன் தங்கை,
மிளகாய்